இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்

ஒன்பது வருடமாக நானும் லயனல் கார்சைடும் சேர்ந்து குட்டியாக மாதிரி ரயில் பாதை ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு ரயில்கூட இந்த முனையில் புறப்பட்டு அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

லயனலின் கார் ஷெட்டில், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஆறு பலகைகள். நடுவில் ஸ்கார் பாட்டம் என்று நாங்களாகப் பெயர் வைத்த ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் பின்னால் ஒரு கம்பளி மில், ஒரு தேவாலயம், மழையில் கறுத்த வீடுகள். எல்லாம் நிஜத்தில் ஓர் அடி இருந்தால் எங்களிடம் நான்கு மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தவை. பாதையும் கட்டடங்களும் லயனலின் பொறுப்பு. எஞ்சின்களும் பெட்டிகளும் என்னுடையவை. நான் முப்பத்தொரு வருடம் ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் தபால் கொடுத்தவன். லயனல் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன்; அடுத்தவர் பார்வையில் இருக்கும் துளி வித்தியாசத்தையும் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவன் தொழில். அந்தக் கண் ஓய்வு பெறவே இல்லை.

எங்கள் ரயிலைக் கண்காட்சியில் வைக்க இரண்டு முறை அழைப்பு வந்தது. முதல் முறை, கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, தண்டவாளத்துக்கு இடையில் ஒட்டிய ஜல்லியைப் பார்த்து, "ஒவ்வொரு கல்லும் கால்பந்து சைஸ்ல இருக்குய்யா" என்றான். மொத்தத்தையும் தேக்கரண்டியால் சுரண்டி எடுத்தான். இரண்டாம் முறை கைகாட்டிக் கம்பங்கள். அந்த வருடத்தில் அந்த மாதிரிக் கம்பம் அந்தப் பக்கம் கிடையாதாம். பதினோரு கம்பங்களையும் பிடுங்கிவிட்டான். இரண்டு முறையும் வர முடியாது என்று போன் செய்து சொன்னவன் நான்.

மூன்றாவது அழைப்பும் அதே ஹாலிஃபாக்ஸிலிருந்துதான் வந்தது. அக்டோபர் மாதக் கண்காட்சி. செயலாளர் ஜாய்ஸ் மர்கட்ராய்ட் என்னிடம் நேராகவே கேட்டுவிட்டாள்: "நாரிஸ், இந்தத் தடவையாவது வருவீங்களா, இல்ல மறுபடியும் எனக்கு ஒரு மூலை காலியா நிக்குமா?"

"வருவோம். நிகழ்ச்சி நிரல்ல அச்சடிச்சிடுங்க" என்றேன். அச்சடித்தும்விட்டாள்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. புதன்தான் எங்கள் நாள். போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பித்தளைத் தகட்டை வெட்டி, மடக்கி, பற்றவைத்துச் செய்த ஒரு சின்ன எஞ்சினைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வீட்டு மேசையில் மூன்றடித் தண்டவாளத்தில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. அதை ஸ்கார் பாட்டத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் ஆசை.

ஷெட்டுக்குள் நுழைந்தால், சரக்கு வண்டிகள் நிற்கும் பகுதியில் தண்டவாளமே இல்லை. வெறும் பலகை. ஓரத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பிடுங்கிய தண்டவாளத் துண்டுகள். லயனல் கையில் இரும்பு அளவுகோலோடு நின்றான்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

"நாரிஸ், நீ கோவப்படக்கூடாது. இங்க வந்து எஞ்சின் முகத்துக்கு நேரா நின்னு பாரு. அடியில பாதை ஒடுங்கித் தெரியல?"

"தெரியல."

"ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல நாம வெச்சிருக்கறது பதினாறரை மில்லிமீட்டர். இருக்க வேண்டியது பதினெட்டு புள்ளி எட்டு மூணு. ரெண்டு மில்லிமீட்டர் சொச்சம் கம்மி. நிஜத்துல பாத்தா ஏழு அங்குலம்! ஏழு அங்குலம் ஒடுங்கின பாதையில எவன் ரயில் விட்டான்?"

"கடையில விக்கிறதெல்லாம் பதினாறரைதான். உலகமே அதுலதான் ஓட்டுது."

"உலகம் தப்பு பண்ணா நாமளும் பண்ணணுமா?"

பாதை அகலமானால் சக்கரமும் அகலமாக வேண்டும். என்னிடம் பதினான்கு எஞ்சின், நாற்பது பெட்டி. ஒவ்வொன்றின் அடியையும் பிரித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி மாற்ற வேண்டும். கண்காட்சிக்கு ஒன்பது வாரம் இருந்தது.

"என் சக்கரத்தை யாருய்யா மாத்துவா?"

"நீதான். உனக்கு அது அல்வா சாப்பிடற மாதிரி."

"ஒம்பது வருஷமா ஒரு ரயில் ஒரு தடவை முழுசா ஓடிப் பாக்கணும்னு கேக்கறேன். வேற என்ன கேட்டேன் உன்கிட்ட?"

"ஓடறது பெருசில்ல நாரிஸ். சரியா இருக்கணும்."

நான் கொண்டுபோன பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹிலரி, லயனலின் மனைவி, டீத்தட்டோடு எதிரே வந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அடுத்த இரண்டு புதனும் நான் அங்கே போகவில்லை. மூன்றாவது புதனன்று மழையில் ஹிலரியே என் வீட்டுக்கு வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, காகிதத்தில் சுற்றிய இஞ்சிக் கேக்கை மேசைமேல் வைத்தாள்.

"லஞ்சமா?" என்றேன்.

"ஆமா. நல்லா இருக்கும், சாப்பிடுங்க. இங்க பாருங்க நாரிஸ், அவர் காலையில போனா சாயங்காலம்தான் ஷெட்டைவிட்டு வெளிய வர்றார். ஒரு மணி நேரத்துக்குத் தண்டவாளத்தடியில நாலு கட்டை ஒட்டறார். நான் காரை ஷெட்டுல நிறுத்தி ஒம்பது வருஷம் ஆச்சு. பனிக்காலத்துல தினமும் கார்க் கண்ணாடியில உறைஞ்ச பனியைச் சுரண்டறது நான். அந்தப் பொம்மை ரயில் ஒரு தடவையாவது ஓடினா, சரி, இதுக்குத்தான் சுரண்டினோம்னு எனக்கும் ஒரு திருப்தி இருக்கும்."

"பொம்மை ரயில்னு சொன்னீங்கன்னா அவனுக்கு ரத்தக் கொதிப்பு வந்துடும்."

"அவர் முன்னாடியேதான் சொல்லுவேன்" என்றாள்.

அன்றே போனேன். லயனல் என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்கார நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவனால் முடிந்த மன்னிப்பு அதுதான். நான் ஒரே நிபந்தனை போட்டேன். சரக்குப் பகுதியைப் பழைய அகலத்திலேயே மறுபடி போட வேண்டும். மெயின் லைனில் கை வைக்கக்கூடாது. கண்காட்சி முடிந்த மறுநாள் அவன் விருப்பப்படி எதை வேண்டுமானாலும் பிடுங்கட்டும்.

"சத்தியமா?"

"சத்தியமா" என்றான். கையும் கொடுத்தான்.

அடுத்த மூன்று வாரம் இருவரும் குனிந்து சரக்குப் பாதையைத் திரும்பப் போட்டோம். பிறகு எனக்கு நெஞ்சுச் சளி பிடித்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். எழுந்து போனபோது கண்காட்சிக்குப் பத்து நாள்.

இடப்பக்க மூன்று பலகைகளில் மெயின் லைன் புத்தம் புதிதாக இருந்தது. ஜல்லிகூட ஒட்டி முடித்திருந்தான். பாதை அகலமாகியிருப்பது அளவுகோலை வைத்துப் பார்க்காமலே தெரிந்தது. வலப்பக்க மூன்று பலகைகளில் எங்கள் பழைய பாதை. இரண்டும் ஸ்டேஷனுக்கு நடுவில் சந்தித்தன, உண்மையில் சந்திக்கவில்லை. தண்டவாள முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன.

"சத்தியம் பண்ணியே!"

"பாதிதான் மாத்தினேன்" என்றான். பொய் சொல்லும் முகமில்லை அது. பாதியோடு நிறுத்தியதற்கு நான் பாராட்டுவேன் என்று நிஜமாகவே எதிர்பார்த்திருக்கிறான். "உடம்பு சரியில்லாம கெடந்தியே, வந்து பாத்தா சந்தோஷப்படுவேன்னு..."

கத்துவதற்கு எனக்கு மூச்சு இல்லை. சுவரோரம் இருந்த பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஜாய்ஸுக்கு மூன்றாவது முறை போன் செய்ய எனக்குத் துணிவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"போறோம். இப்படியே போறோம்" என்றேன்.

போனோம். ஹாலிஃபாக்ஸில் ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம். பொருந்தாத முனைகளை மறைக்க, ஸ்டேஷன் நடுவில் நடைபாலம் ஒன்றை வைத்தேன். இடப்பக்கம் லயனல் சக்கரம் மாற்றிய ஒரே எஞ்சின், இரண்டு பெட்டி. வலப்பக்கம் என் பித்தளை எஞ்சின், நான்கு பெட்டி. அவன் ரயில் ஒரு பக்கமிருந்து வந்து பாலத்தடியில் நிற்கும். என் ரயில் மறுபக்கமிருந்து வந்து நிற்கும். பிறகு இரண்டும் வந்த வழியே திரும்பிப் போகும். அவ்வளவுதான்.

என் எஞ்சின் அழகாக ஓடியது. காலையிலிருந்து ஒரு தடுமாற்றம் இல்லை. லயனலின் எஞ்சின் மூன்று தடவைக்கு ஒரு தடவை தடம் புரண்டது. சரியான அகலத்துக்குச் சக்கர விளிம்பும் நிஜ அளவில் மெல்லிதாக இருக்க வேண்டுமாம். அந்த மெல்லிய விளிம்பு, பலகையில் ஒரு முடி கிடந்தாலும் ஏறி இறங்கிவிடுகிறது. அவன் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பார்க்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றான்.

மதியம் பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் வெகு நேரம் நின்று பார்த்தார்.

"ஏங்க, ரெண்டு ரயிலும் ஏன் இங்கயே நின்னு திரும்பிடுது?"

நான் யோசிக்காமல் சொன்னேன். "ரெண்டு கம்பெனிங்க. அவங்க பாதை அகலம், இவங்க பாதை குறுகல். பயணிங்க இங்க இறங்கி, பாலம் ஏறி அடுத்த ரயிலுக்கு மாறணும்."

"அட! அந்தக் காலத்துல சில ஊர்ல அப்படித்தான் இருந்துச்சுன்னு படிச்சிருக்கேன். அருமையா பண்ணியிருக்கீங்க."

ஒன்பது வருடத்தில் எங்கள் பாதையைப் பார்த்து வெளியாள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

லயனல் திரும்பினான். "இல்லீங்க. அது பொய். இந்தப் பக்கத்துல அப்படி எங்கயுமே கிடையாது. அந்தப் பாதி தப்பா இருக்கு. இன்னும் மாத்தல."

"லயனல், வாயை மூடு."

"தப்பைத் தப்புன்னு சொல்லக் கூடாதா?"

"ஓடற பாதி தப்பு. கவுந்து கவுந்து விழற பாதி சரி. அப்படித்தானே?"

"ஆமா! அப்படித்தான்!"

கூடமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பச்சைச் சட்டைக்காரர் மெதுவாக நழுவிப் பக்கத்து மேசைக்குப் போனார். டீ விற்ற இடத்திலிருந்து ஜாய்ஸ் வந்து, இரண்டு கோப்பையை எங்களுக்கு நடுவே வைத்தாள். "குடிச்சிட்டுச் சண்டை போடுங்க. நாலு மணிக்குத்தான் கதவு சாத்துவோம்."

நான்கு மணிக்குப் பலகைகளைப் பிரித்தபோது, வலப்பக்க மூன்றையும் என் மைத்துனனின் வேனில் ஏற்றினேன். லயனல் தடுக்கவில்லை. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கவும் செய்தான். "அந்தப் பாலம் உன்னோடது, எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னான்.

மூன்று பலகைகளும் என் வீட்டுப் பின்னறையில் சரியாகப் பொருந்தின. முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டம். காலையில் டீ போட்டுக்கொண்டு போய் உட்காருவேன். ரயில் புறப்படும், ஒன்பதடி போகும், நிற்கும், திரும்பும். யாரும் எதையும் பிடுங்க மாட்டார்கள். அரை ஸ்டேஷன்தான், மில்லின் பாதிதான் இருந்தது. பரவாயில்லை, ஓடியது.

இரண்டாவது வாரம், பலகையின் முனையில் முகவாயை வைத்து, எஞ்சின் என்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே வந்து நின்றது. என்னவோ உறுத்தியது. அகலமான உடம்பு, அதற்குக் கீழே நெருக்கி வைத்த கால்கள் மாதிரிச் சக்கரங்கள். பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன், நன்றாக இருந்தது. மறுபடி நேராக வந்து பார்த்தேன். ஒடுங்கித்தான் இருந்தது. விளக்கை மாற்றி வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அந்த இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் அங்கே இல்லை.

போனை எடுத்து அவன் எண்ணைப் போட்டேன். ஹிலரி எடுத்தாள்.

"அவன் எங்க?"

"பலகைக்கு அடியில. ஏன், என்னாச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கு."

"என் கண்ணைக் கெடுத்துட்டான்னு சொல்லுங்க. நல்லா இருந்த கண்ணு. நான் சந்தோஷமா ஓட்டிட்டு இருந்தேன்."

அவள் ரிசீவரைப் பொத்தி ஏதோ சொல்வது கேட்டது. தூரத்தில் எதுவோ உருண்டு விழுந்தது. பிறகு அவள் மறுபடி வந்தாள்.

"சக்கரம் எந்த எஞ்சினுக்கு மொதல்லன்னு கேக்கறார்."

"எதுக்கும் இல்ல! பதினாலையும் பிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

பின்னறைக்குத் திரும்பிப் போனேன். எஞ்சினை எடுத்து மல்லாக்கப் பிடித்தேன். அடித்தகட்டில் நான்கு திருகுகள். கழற்றினால் எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நின்றுகொண்டே யோசித்தேன். யோசித்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. அதைத் தண்டவாளத்தில் வைத்து மறுபடி ஓட்டினேன், பக்கவாட்டில் நின்று.