செய்யாற்றில் பர்மா

காவாந்தண்டலத்துப் பக்கம் செய்யாற்று மணலை ஜேசிபி வைத்து நோண்டி, லாரி லாரியாகத் தண்ணீர் கொட்டி, இதுதான் பர்மா ஆறு என்றார்கள் சினிமாக்காரர்கள். கரையில் நின்ற பனைமரங்களுக்குப் பச்சை வலை போர்த்திக் காடாக்கினார்கள். ஆக்கட்டும், அவர்கள் பணம், அவர்கள் பாடு. ஞானதாஸுக்கு அதிலெல்லாம் ஒரு கேள்வியும் இல்லை. நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. இந்த மாசத்தில் மூன்று நாள் வேலை, மத்தியானம் கறிச்சோறு. ஐம்பத்து மூன்று வயசு முதுகு தாங்கினால் போதும் என்றுதான் போனான்.

போன பிறகுதான் தெரிந்தது, ஜப்பான்காரன் சண்டையைப் படமாக எடுக்கிறார்கள் என்று. அவன் அம்மா செல்லாயியின் அப்பா தாவீது அந்தச் சண்டைக்குப் போனவர்தான். பட்டாளத்தில் பாலம் கட்டுகிற பிரிவு. பர்மாவில் பாலத்துக்குப் பலகை தூக்கிக்கொண்டிருக்கும்போது குண்டு விழுந்து செத்துப்போனார். செல்லாயி அப்போது நாலு மாசக் குழந்தை. உடம்பும் வரவில்லை, வீட்டில் ஒரு போட்டோவும் இல்லை. கல்லறைத் திருநாளில் ஊரே அவரவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும். இவர்கள் மட்டும் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் ஏற்றிவிட்டு வருவார்கள். எண்பது வருசமாக அப்படித்தான்.

முதல் நாள் சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும், முட்டிவலி என்று மாதா கோயிலுக்கே போகாத செல்லாயி நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். தாவீதின் ஜாடை அப்படியே பேரனுக்கு வந்திருக்கிறது என்று அவளுடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"அந்த பட்டாளத்து சட்டய நீ போட்டுக்கினா எங்கப்பா மாரி தெரிவ இல்ல நைனா? ஒரு வாட்டி பாத்துக்கிறேன்."

மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, சமையல்காரர்களின் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான் ஞானதாஸ். கால்சட்டைக்கு ஜிப், இடுப்பில் நைலான் பெல்ட், என்ன கண்றாவியோ. அவளுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். அப்பனை முதல்முறையாகப் பார்க்கிற பார்வை.

அப்புறம் உதவி டைரக்டர் கலைச்செல்வன் வந்து காட்சியை விளக்கினான். இவர்கள் ஊர் ஆட்கள் எட்டுப் பேரும் பலகையோடு பாதிப் பாலத்தில் வருவார்களாம். குண்டு வெடிக்குமாம். அத்தனை பேரும் பலகையைப் போட்டுவிட்டு, கத்திக்கொண்டு ஓட்டம் எடுக்க வேண்டுமாம். பிறகு ஹீரோ ஒற்றை ஆளாக அந்தப் பலகையைத் தூக்கிப் பாலத்தை முடிப்பாராம். ஞானதாஸ் போய்ப் பலகைக்குத் தோள் கொடுத்தான்.

குண்டு வெடித்தது. புகை எழும்பியது. எட்டுப் பேரில் ஒருத்தனும் பலகையை விடவில்லை. வேண்டுமென்றா செய்தார்கள்? மூட்டையானாலும் கல்தூணானாலும், கூட்டாகத் தூக்கும்போது குரல் கொடுக்காமல் ஒருத்தன் விட்டால் பக்கத்தில் இருப்பவன் இடுப்பு போய்விடும். சின்ன வயசிலிருந்து தோளுக்குப் பழகிப்போன விஷயம். புகைக்குள் எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள். டைரக்டர் மைக்கில் கன்னாபின்னாவென்று திட்டினார்.

கலைச்செல்வன் ஓடி வந்தான். ஞானதாஸ் அவனிடம் தாத்தா கதையைச் சொன்னான்.

"அவுரு ஓடல சார். எங்கள நிக்க வெச்சே சாவடிச்சிடுங்களேன்."

கலைச்செல்வன் நல்ல பையன்தான். தனக்கும் தெரியும் என்றான். புத்தகமெல்லாம் படித்து எழுதியே கொடுத்தானாம். இந்தச் சட்டையின் கலரே தப்பு, அங்கே அப்போது பச்சைதான் என்றும் சொன்னானாம். யார் கேட்டார்கள்? ஹீரோ தனியாகத் தூக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் ஓடித்தான் ஆக வேண்டும் என்று முடித்துவிட்டார்களாம். இன்னொரு தரம் கெட்டால் எட்டுப் பேரையும் அனுப்பிவிட்டு வேறு ஊர் ஆட்களை வைத்து எடுப்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

மற்ற ஏழு பேரும் ஞானதாஸையே பார்த்தார்கள். பக்கத்துத் தோள்காரன் ஏகாம்பரம், யார் வீட்டுச் சண்டைக்கு நாம் பேஜார் படுவது, விடு ஞானம் என்றான். ஞானதாஸ் பந்தல் பக்கம் பார்த்தான். செல்லாயி அவன் மேலிருந்து கண்ணெடுக்கவில்லை. அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தான். போனால் ஏழு பேர் சோற்றில் மண். ஓடினால், தன் அப்பன் முகத்தோடு ஒருத்தன் பயந்து ஓடுவதை அவள் பார்ப்பாள். சே, என்ன பிழைப்பு இது. மறுபடி பலகைக்குத் தோள் கொடுத்தான்.

இந்த முறை ஏகாம்பரம் மெதுவாக ஒன்று, இரண்டு என்று எண்ணினான். மூன்றில் எல்லோரும் ஒன்றாகப் பலகையைப் போட்டார்கள். ஞானதாஸ் ஓடினான். மணலில் கால் புதையப் புதைய, வாயைப் பிளந்துகொண்டு ஓடினான். முன்னால் ஓடிய அவன் முகத்தில் பயம் அசல் என்று டைரக்டர் மைக்கில் பாராட்டினார். யூனிட்டே கைதட்டியது.

மூச்சு வாங்க வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சினிமாம்மா அது. தாத்தா ஓடல. உனுக்குத் தெரியும் இல்ல?"

செல்லாயி முந்தானையால் அவன் முகத்திலிருந்த புகைக்கரியைத் துடைத்தாள்.

"தெரியும் நைனா. ஓடியிருந்தா வூட்டுக்கு வந்திருப்பாரு," என்றாள். "இன்னோரு வாட்டி ஓடச் சொல்லுவாங்களா?"