தேவபிச்சை கசிந்துகொண்டிருந்தார்

ஃபிலிமைப் பெரிதாக்கிப் பேப்பரில் பிரிண்ட் போடுகிற என்லார்ஜரில் வெளிச்சம் கசிந்தால், அந்த ஃபிலிமில் இருக்கிற ஆளும் சேர்ந்து கசிந்துவிடுவது வழக்கம். பாளையங்கோட்டையில் வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கி பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த தேவபிச்சைக்கு இது பழகிப்போன தொந்தரவு. விளக்குக் கூண்டின் மேல்மூடி சரியாகப் பொருந்தாததால், கசிகிறவர்கள் நேராகக் கூரைக்குப் போய்த் தலைகீழாக நின்றார்கள். வாடிக்கையாளர்கள் என்றால், "இறங்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இந்த முறை கசிந்தது அவரேதான் என்பதுதான் சங்கடம்.

மனைவி பாக்கியமணி கேட்டது ஒரே ஒரு படம். ஊர்ப்பட்ட கல்யாணங்களை எடுத்தவர் வீட்டில், அவரும் அவளும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. எப்போதும் அவர் கேமராவுக்குப் பின்னால் அல்லவா இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமரை முடுக்கிவிட்டு, ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபிலிமில் இரண்டு பேரும் பழுதில்லாமல் விழுந்திருந்தார்கள். பிரிண்ட் போட்டால் மட்டும் பாக்கியமணி இருந்தாள், பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"நான் மட்டும் இருக்குத படம் அலமாரி நிறைய கெடக்கு. இதுவும் எனக்கு எதுக்கு?" என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அலுத்துப்போய்ச் சொன்னாள். இனி கேட்காமலே இருந்துவிடுவாளோ என்று பயந்து, அவர் என்லார்ஜரை அடைக்க உட்கார்ந்தார்.

மூடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டினார். ஃபிலிம் செருகும் இடத்தைச் சுற்றி இன்சுலேஷன் டேப் சுற்றினார். பழைய குடைத்துணியைப் பாவாடையாகத் தைத்து என்லார்ஜருக்குக் கட்டிவிட்டார். அது அங்கி போட்ட பாதிரியார் மாதிரி நின்றது. அப்படியும் விளக்கைப் போட்டதும் எங்கேயோ ஊசிமுனை இடம் கிடைத்து, இன்னொரு தேவபிச்சை மேலே போய் நின்றார்.

கூரையில் இப்போது ஐந்தாறு பேர். நெகட்டிவிலிருந்து வந்தவர்கள் என்பதால் எல்லாருக்கும் கறுப்பு வெள்ளை மாறியிருந்தது: கறுப்புச் சட்டை, வெள்ளை மீசை, கரிப்பல். பாக்கியமணி அவர்களுக்கும் சேர்த்துக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் கைக்குப் போனதும் அது பாலாக வெளுத்தது. தலைகீழாக நின்றே ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார்கள்.

கூரைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று யோசித்தார். வெள்ளைக் கூரையில் பட்டுத்தான் வெளிச்சம் பேப்பருக்குத் திரும்பி வருகிறது. ஆனால் அடித்தால் இவர்களுக்கு நிற்க இடமிருக்காது. தன்னைத் தானே தெருவில் விட மனசு வரவில்லை.

"ஏன்யா, ஒரு எடத்துல உக்காரவே மாட்டியளா?" என்று மேலே பார்த்துக் கேட்டார்.

கடைசியாக வந்தவர் தம்ளரை நீட்டினார். "உக்காந்துதான்யா இருந்தேன். மேல வெளிச்சம் கசியுத மாதிரி இருந்துச்சு. என்னன்னு பாத்துட்டு வந்துரலாம்னு எந்திரிச்சேன்."

மற்றவர்களும் அதற்குத்தான் எழுந்து வந்தார்களாம். ஒருவர் கையில் டேப்கூட இருந்தது. தேவபிச்சையால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அவராக இருந்தாலும் எழுந்துதான் பார்த்திருப்பார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாக்கியமணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குடைத்துணியை அவிழ்த்தாள். டேப்பை உரித்தாள். கறுப்புத்தாளையும் கிழித்துப் போட்டாள்.

"இப்படி உக்காருங்க. கசிஞ்சா கசிஞ்சிட்டுப் போவுது," என்றாள். அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, மறுகையால் சுவிட்சைப் போட்டாள்.

வெளிச்சம் நாலாபக்கமும் பீறிட்டது. அவருடைய முழங்கால் தானாக எழப்பார்த்தது.

"எந்திரிக்காதிய."

அவர் எழவில்லை. வாழ்நாளில் எதையும் அவர் இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததில்லை. கூரையில் புதிதாக யாரும் வந்து நிற்கவில்லை. ஏற்கெனவே நின்றவர்கள் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மருந்துத் தட்டில் போட்ட பேப்பரில் முதலில் பாக்கியமணி வந்தாள். கொஞ்சம் பொறுத்து, பக்கத்து நாற்காலியில், வேர்த்து விறுவிறுத்து அவர் வந்தார். படம் முழுக்க ஒரே சாம்பல். வேண்டாத வெளிச்சம் பட்டு இப்படி ஆனால் 'மூட்டம் போட்டிருக்கு' என்பது அவர் வழக்கம்.

"மூட்டமால்ல போயிட்டு," என்றார் கூச்சத்தோடு.

"இருக்கட்டும். நீங்க இருக்கிய," என்றாள்.

படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்கள். சாயங்காலம் அதில் தூறல் பிடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு நல்ல மழையாகிவிட்டது. பாக்கியமணி சுவரோரமாக ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். படத்தில் இருந்தவர் தோள்துண்டை எடுத்துப் பக்கத்திலிருந்தவள் தலையில் போட்டுவிட்டு, நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.