பூஜ்ஜியம் தவறாத ஆய்வகம்

ஒன்பது வருடமாகத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாவட்ட ஆஸ்பத்திரி ஆய்வகத்திலிருந்து சாய்கல் தலைநகரம் பிஷ்கெக்குக்கு ஒரு பூஜ்ஜியம் அனுப்பிக்கொண்டிருந்தாள். பனி விழுந்து கணவாய் மூடினாலும் அனுப்புவாள். மாமியார் செத்த வாரத்தில்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினாள். ஆடுமாடுகளிலிருந்து தொற்றும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் கண்டவர்கள்: பூஜ்ஜியம். அந்த மலை மாவட்டத்தில் குறித்த நேரத்துக்கு நடந்த ஒரே காரியம் அதுதான்.

அதனால்தான் வந்தது வினை. தலைநகரத்திலிருந்து மதிப்பீடு செய்ய வந்த தாலாய்பெக் வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மடியில் இருந்த பலகைக் கணினியைத் தடவிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் காலர் இன்னும் ஊர்த் தூசி படாமல் இருந்தது.

"நேரத்துக்கு அனுப்புறதுல நூத்துக்கு நூறு, எஜே. விடுபட்ட வாரம் ஒண்ணுகூட இல்ல," என்றான். அக்காவை அங்கே எஜே என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது தாண்டிய சாய்கலை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. "ஆனா ஒன்பது வருஷத்துல ஒரு நோயாளிகூட அகப்படல. அகப்படாத வலைய எதுக்குக் கட்டி இழுக்கணும்? மூடிடலாம்னுதான் எழுதப்போறேன்."

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி இதுல கண்ண வைங்க."

அவன் குனிந்து நுண்ணோக்கியில் பார்த்தான். நீலச் சாயத்தில் குச்சி குச்சியாகக் கிருமிகள், ரயில் பெட்டிகளைப் போலக் கோத்துக்கொண்டு நின்றன.

"யாரோடது?"

"என் தங்கச்சி புருஷன் சமத்தோடது. மணிக்கட்டுல கறுப்புப் புண்ணு, வலியே இல்லங்கறான். நேத்து சாயங்காலம் எடுத்தேன்."

சுவரோரம் நின்ற தலைமை மருத்துவர் ஜொல்தோஷ் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி? ஒன்பது வருஷம் காய்க்காத மரம், வெட்ட வந்த அன்னிக்குப் பழம் காட்டுது. அதுவும் சொந்த மச்சினன் கையில!"

சாய்கலுக்கு அந்தச் சிரிப்பு புரிந்தது; அவள் மாட்டுச் சந்தைத் தரகரின் மகள். கடை அடைக்கிற நேரத்தில் திடீரென்று முளைக்கிற நல்ல சரக்கை அவளே நம்பமாட்டாள்.

ஆனால் சரக்கு நிஜம். போன சனிக்கிழமை சமத்தின் பசு நடுங்கி விழுந்தது. மூச்சு நிற்கும் முன் கத்தி வைத்துவிட்டார்கள். செத்தபின் அறுத்தால் கறி ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து ஆளுக்கொரு பங்கு வாங்கிப் போனார்கள். கறிக்கு ஆசைப்பட்டு இல்லை. ஒருவன் தலையில் விழுந்த நஷ்டத்தைப் பதினோரு வீடு பிரித்துச் சுமப்பது அங்கே மரியாதை. குடலைக் கழுவியது தங்கை புருல். இன்று காலையிலிருந்து அவளுக்குக் காய்ச்சல்.

மருந்து இருந்தது, ஆஸ்பத்திரிக் கிடங்கில். சாவி ஜொல்தோஷ் இடுப்பில். 'நோய் உறுதி' என்று தலைநகர அதிகாரி கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் ஒரு மாத்திரை வெளியே வராது. ஐந்து மணிக்குப் பூட்டினால் திங்கட்கிழமைதான் திறக்கும். பஜார் மருந்துக்கடையில் இருந்ததே ஒரு அட்டை, பத்து மாத்திரை. தங்கைக்கென்று வாங்கிய அது அவள் கோட்டுப் பையில் இருந்தது.

அதே பையில் போன் அடித்தது. புருல்.

"எஜே, விரல்ல ஒரு கொப்புளம். நடுவுல கறுப்பா இருக்கு. வலிக்கல, பயப்படாத."

வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் சாய்கலுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"படுத்துக்க. வந்துடறேன்," என்று வைத்தாள். எழுந்து போய், மாதிரிக் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பச்சை நோட்டை எடுத்து மேஜையில் போட்டாள்.

"என் பூஜ்ஜியம் பொய். இதுதான் நிஜம். ஒன்பது வருஷத்துல பதினாலு பேர்."

ஜொல்தோஷின் சிரிப்பு நின்றுபோனது.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவ 'ஒண்ணு'ன்னு எழுதினேன்," என்றாள் சாய்கல். "நாப்பது நாள் சந்தைய மூடினாங்க. என் வாசல்ல சாணிய வாரி அடிச்சாங்க. அப்புறம் நம்ம டாக்டர் சொன்னார், தலைநகரம் உறுதி செய்யறவரைக்கும் பூஜ்ஜியம்னு போடுன்னு. மாதிரி இங்கேருந்து வாடகைக் கார்ல, யாரோட மடியிலயோ, ஐஸ் இல்லாம போகும். போய்ச் சேரும்போது அழுகியிருக்கும். 'சோதனைக்கு லாயக்கில்லை'ன்னு பதில் வரும். அதனால பூஜ்ஜியம் பூஜ்ஜியமாவே நின்னுடும்."

"பதினாலு பேரும்?"

"பன்னெண்டு பேரு பொழச்சாங்க."

தாலாய்பெக் நோட்டைப் புரட்டினான். தேதி, பெயர், எந்த மேய்ச்சல் நிலம், எல்லாம் சுத்தமான கையெழுத்தில் இருந்தது. மூடி வைத்தான்.

"எஜே, பதினாலு தடவ பொய் சொன்னேன்னு நீங்களே சொல்றீங்க. பதினஞ்சாவத எப்படி நம்பறது? இதுல கையெழுத்துப் போட்டா என் வேல போயிடும். மாதிரிய நான் கொண்டுபோறேன், ஐஸ் வச்சே. செவ்வாய்க்கிழமை சொல்றேன்."

நியாயமான பேச்சுதான். உண்மையை எடுத்து வைத்தாள். அந்த உண்மையே அவள் வாயை அடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் நாலு நாள். புருலுக்கு அவ்வளவு நாள் இல்லை.

மணி நாலேகால்.

சாய்கல் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"டாக்சிசைக்ளின், அடைப்பானுக்கு. மத்தியானம் டாக்டர் வீட்ல கூர்தாக் வறுவல் சாப்பிட்டீங்களே, ருசியா இருந்துச்சா?"

"நல்லா வறுத்திருந்தாங்க. ஏன்?"

"அது சமத் வீட்ல நடுங்கி விழுந்த பசு. பின்னங்கால இவரோட டிரைவர்தான் வாங்கிட்டுப் போனான். என் தங்கச்சிதான் கட்டிக் கொடுத்தா."

தாலாய்பெக் ஜொல்தோஷைப் பார்த்தான். ஜொல்தோஷ் தன் வயிற்றைப் பார்த்தார்.

"வெந்த கறிக்கு ஆபத்து கம்மின்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்," என்றாள் சாய்கல். "கம்மிதான். இல்லவே இல்லன்னு சொல்லமாட்டேன். நான் நாடகம் ஆடறேன்னு நினைச்சா அத தொடாதீங்க, ஊருக்குப் போங்க. அதுல ஒண்ண முழுங்கினீங்கன்னா என்ன நம்பறீங்கன்னு அர்த்தம். நம்பினா கையெழுத்து. ரெண்டுல ஒண்ணுதான் தம்பி."

"மிரட்டறீங்களா?"

"வெல பேசறேன்."

முதலில் மடங்கியது அவன் இல்லை. ஜொல்தோஷின் கை மேஜைமேல் நகர்ந்து வந்தது.

"எனக்கு ஒண்ணு குடு, சாய்கல்."

"உங்களுக்கு எதுக்கு பெரியவரே? நீங்கதான் பழம் பொய்னு சொன்னீங்களே."

"அடி பாவி, வீட்ல பேரன் பேத்தியெல்லாம் அதத்தான் தின்னுச்சு!" கிழவர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து பிய்த்து எடுத்தார். "கிடங்கத் திறக்கறேன், வா."

"என்ன காரணம்னு எழுதி எடுப்பீங்க? தாள் எங்க?"

இப்போது இரண்டு பேரும் தாலாய்பெக்கைப் பார்த்தார்கள். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு மாத்திரையை அமுக்கி எடுத்து, ஆறிப்போன தேநீரில் விழுங்கினான்.

அது தொண்டையில் இறங்கும் முன்னே சாய்கல் அவன் வலது கையைப் பிடித்துவிட்டாள். சந்தையில் அப்பா பிடிக்கிற பிடி அது. விலை படிகிறவரை விடாமல் மேலும் கீழும் குலுக்குவார்.

"படிஞ்சுதா?"

"விடுங்க எஜே, வலிக்குது. படிஞ்சுது."

கையெழுத்துப் போட்டான். அதே பேனாவால் இன்னொரு தாளில், 'இந்த ஆய்வகத்தின் அறிக்கைகள் நம்பத்தக்கவை அல்ல, மூடப் பரிந்துரைக்கிறேன்' என்றும் எழுதினான். எழுதிவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நோட்ட விட்டுட்டுப் போங்க," என்றான்.

"வச்சுக்கோங்க. பதினஞ்சாவதா சமத் பேர எழுதியிருக்கேன். பதினாறாவதுக்குக் கோடு போட்டு வச்சிருக்கேன்."

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மருந்துப் பெட்டிகளோடும் சாய்கலோடும் ஆஸ்பத்திரி ஜீப் கிளம்பியது. ஆற்றோரம் ஒரே வரிசையில் பதினோரு வீடு. அதையும் தாண்டிக் கடைசியில் புருலின் வீடு. நேராக அங்கே ஓடத்தான் அவள் கால் துடித்தது. ஆனால் புருலுக்கு மாத்திரை போதாது, ஊசியும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் வேண்டும். முதல் வீட்டு முன்னால் மாத்திரைப் பெட்டிகளோடு இறங்கிக்கொண்டு, டிரைவரைப் புருல் வீட்டுக்கு விரட்டினாள்.

"போற வழியில எங்கயும் நிறுத்தாத. அவள ஏத்திட்டு வா. நான் இங்கேருந்து நடக்கறேன்."

முதல் கதவைத் தட்டினாள். ஒரு விரற்கடை அளவு திறந்தது. மாவு ஒட்டிய கையோடு ஒரு பெண்.

"சமத் வீட்டுப் பசுவோட பங்கு வாங்கினீங்கல்ல?"

"இல்லையே எஜே. எங்க வீட்ல கறியே இல்ல."

உள்ளேயிருந்து கொழுப்பு வதங்கும் மணம் கதவிடுக்கில் வந்துகொண்டிருந்தது. நாளை மறுநாள் சந்தை. நாற்பது நாள் மூடிக் கிடந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பூஜ்ஜியம் என்று சொல்ல இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. சமத். எடுத்தால் கால் நடக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. எடுக்கவில்லை.

கதவிடுக்கில் காலை வைத்தாள்.

"கறி வாங்காத வீட்டுக்கும் மாத்திரை உண்டும்மா. பேரே எழுதமாட்டேன். எத்தன தலைன்னு மட்டும் சொல்லு."

அந்தப் பெண் உள்ளே திரும்பிப் பார்த்தாள். மாவுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"ஏழு," என்றாள்.

சாய்கல் எண்ணத் தொடங்கினாள்.