எலும்பை ஆராய்ந்தவளின் அம்மா

ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்கு ஓடிவிடுவாள் அந்த ஆராய்ச்சியாளர். அங்கே தட்டுகளில் அவளுடைய செல்லப்பிள்ளைகள் இருந்தன: இடுப்பு அறுவை சிகிச்சையில் வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகளிலிருந்து பிரித்தெடுத்த, வயதானவர்களின் எலும்புச் செல்கள். ‘வளரு’ என்று உடம்பு சொல்வதை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு செல்லிலும் ஏற்பிகள் உண்டு. வயதானால் அவை குறைகின்றனவா, இருந்தும் மந்தமாகிவிடுகின்றனவா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

கையுறையோடு செல்களுக்கு ஊட்டத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

“இடுப்பு வலி தாங்கலடி. டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா?”

“வயசானா அப்படித்தாம்மா இருக்கும். செல்லெல்லாம் பட்டினியா கிடக்கு, வெச்சிடு.”

“நீ சாப்பிட்டியா?” என்று அம்மா கேட்பதற்குள் மகள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். எத்தனையோ வாரமாக இதே பல்லவிதான். படித்த மகள், அதுவும் எலும்பையே படித்த மகள்!

அடுத்த வாரம் அம்மா குளியலறையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

“முன்னாடியே வலிச்சிருக்குமே? அப்பவே காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனிமே பழையபடி நடப்பாங்களான்னு இப்ப சொல்ல முடியாது,” என்றார் மருத்துவர்.

அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு நர்ஸ் வந்தாள். மகள் யாரென்று அவளுக்குத் தெரியாது. வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டாள்.

“எடுக்கிற எலும்பை எலும்புச் செல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமாம்மா?”

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். “உன்கிட்டதானே வரும்?”

மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்ப தாராளமா எடுத்துக்கோங்க. எலும்பா போனாலாவது ஞாயித்துக்கிழமைகூட வந்து பாத்துப்பா.”

குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. அதுதான் மகளைக் கொன்றது. சிரிக்கப்போன நர்ஸ், மகளின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். நாலு பேர் நடுவில் கன்னத்தில் அறை வாங்கியவள்போல மகள் கூனிக் குறுகி நின்றாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வயசான செல் ஏன் சொன்னதைக் கேக்கலைன்னு வருஷக்கணக்கா தேடறேன்மா. நீ சொன்னதை நான் கேக்கவே இல்ல. வெக்கமா இருக்கு. ‘வயசானா அப்படித்தான்’னு சொல்றது வைத்தியம் இல்ல, பாத்துக்காம விடறதுக்கு நாங்க சொல்ற சாக்கு. பெத்தவங்க வலிக்குதுன்னா, முதல்ல எழுந்து வரணும்.”

“சரி, விடு,” என்றாள் அம்மா. “சாப்பிட்டியா?”