வால்வும் சுவிட்சும்

வென்லா ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தாள். இன்றும் ஜில்லென்றுதான் இருந்தது. கைக்குழந்தைக்கு மறுபடியும் சளி கட்டி, மூச்சு கீச்சுக்கீச்சென்றது. வெளியே குவோப்பியோ நகரத்து ஏரி உறைந்து கிடந்தது.

அவள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தாள்; மாடியில் வீட்டுக்காரர் ஓஸ்மோ. அவளைக் கிளப்பிவிட்டு, கூடுதல் வாடகைக்கு வேறு ஆளை வைக்க ஆசைப்பட்டார். நேராகச் சொல்லச் சட்டம் விடாது. அதனால் நிலவறையில், அவள் பகுதி ஹீட்டருக்குப் போகும் வெந்நீர் வால்வை மூடி, நிலவறையைப் பூட்டிவிட்டார். அவர் அதைத் திருகியதை வென்லா பார்த்திருந்தாள்.

கேட்டால், "பழைய வீடும்மா. குளிருதுன்னா வேற இடம் பாத்துக்கோ" என்பார்.

ஒரு சனிக்கிழமை, கூரை விளக்கை மாற்ற வென்லா தன் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாள். தோட்டத்தில் இருந்த சவுனா என்ற நீராவிக் குளியல் அறையிலிருந்து ஓஸ்மோ கத்தினார்: "கரண்ட் போச்சே!" மாடி விளக்குகளோ எரிந்துகொண்டிருந்தன. அவர் குளிக்கும் சவுனா, தன் மீட்டரில் ஓடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. சுவிட்சைப் போட்டாள். கிறிஸ்துமஸுக்காகக் காத்திருந்தாள்.

பண்டிகைச் சவுனா கெட்டால் பண்டிகையே கெட்டது என்று நினைக்கும் குடும்பம் அது. பண்டிகையன்று மாலை மச்சான்களோடு ஓஸ்மோ உள்ளே போய், தலைக்குச் சோப்புப் போடும்வரை பொறுத்திருந்து, வென்லா சுவிட்சை அணைத்தாள்.

கதவு இடிபட்டது. துண்டோடு, வெறுங்காலோடு, பனியில் ஓஸ்மோ.

"ஏம்மா, சுவிட்சைப் போடு! எல்லாரும் இருட்டுல உக்காந்திருக்காங்க!"

"என் மீட்டரு, என் கரண்ட். அணைச்சுட்டேன்."

"விளையாடாத! தலையில சோப்பு உறையுது!"

"குளிருதுன்னா வேற சவுனா பாத்துக்கோங்க."

"உனக்கு என்னதான் வேணும்?"

"வால்வைத் திறங்க."

போர்வை சுற்றிக்கொண்டு பின்னால் வந்த மச்சான் ஒருவர், "எந்த வால்வு மாப்ள?" என்றார். உள்ளே குழந்தை இருமியது. மச்சான் முகம் மாறியது. "அடப்பாவி, பச்சப் புள்ளையவா விறைக்க விட்ட?"

ஓஸ்மோ நிலவறைக்கு ஓடினார். திரும்பி வந்து, "திறந்தாச்சு, போடும்மா" என்று பல் கிட்டச் சொன்னார்.

வென்லா ஹீட்டரில் உள்ளங்கையை வைத்தாள். "இன்னும் சூடேறல. நில்லுங்க."

நின்றார். மச்சானும் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. இப்படி நிற்க வைப்பது தப்போ என்று ஒரு கணம் தோன்றியது அவளுக்கு. குழந்தையின் இருமல் மறுபடி கேட்டது. அந்த எண்ணம் போய்விட்டது.

கை சுட்ட பிறகுதான் சுவிட்சைப் போட்டாள்.

"இது என் பங்கு. மீதிய வாடகைக்காரங்க சங்கம் பாத்துக்கும். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. வாடகை வாங்குறவர் சூடும் தண்ணியும் விளக்கும் குடுக்கறது தர்மம் இல்ல, கடமை. அதை நிறுத்தி ஒருத்தர வெளியேத்தப் பாக்கறது குற்றம்."