குதிரைத் தொட்டிக் குழாய்

எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் முதலில் வந்தது மனுஷருக்காக இல்லை கண்ணுகளா, குதிரைக்காக. ஓடைத் தண்ணீரைக் குடித்து வெள்ளைக்காரத் துரையின் குதிரைகள் தும்மினவாம். உடனே மேட்டு ஊற்றிலிருந்து இரும்புக் குழாய் இறக்கி, கடைவீதியில் கல்தொட்டி கட்டிவிட்டார். குதிரை மிச்சம் வைத்ததை நம் ஜனம் குடித்தது. அதற்குப் பெயர் பொதுக் குடிநீர்த் திட்டம், கல்வெட்டே இருக்கிறது.

அப்புறம் தொட்டிமேல் சிங்கமுகக் குழாய் வைத்தார்கள். குதிரைகள் போயின. லாட்ஜுகள் வந்தன. தண்ணீர் முறை வைத்துத் தெருத்தெருவாக வரலாயிற்று. சிங்கத்தின் வாயில் குளவி கூடு கட்டிக் குடும்பம் நடத்தியது.

போன மாசம் அந்தக் குழாய்க்கு நூற்றாண்டு விழா. பேரூராட்சித் தலைவர் ஜெகதீசனின் ஏற்பாடு. தொட்டியை ஒட்டி வேலாயியின் டீக்கடை. புருஷன் போனபின் அவளுக்குச் சோறு போடுவது அந்தக் கடைதான். விழா முடிந்ததும் அதை எடுத்துவிட்டுப் பூங்கா வைப்பது என்று முடிவு.

ஆனால் விழா நாளில் கடைவீதிக்குத் தண்ணீர் முறை இல்லை, மேல்தெருவுக்குத்தான். முறை மாற்றித் திறந்தால் மேல்தெருப் பெண்கள் குடத்தோடு வந்து தலைவரின் வேட்டியை உருவிவிடுவார்கள். எனவே மனுஷன் வேலாயியிடம் வந்து நின்றார்.

“ஏனுங்க்கா, பின்னால மேட்டுல உங்க டிரம் இருக்குதுங்களே, அதுல இருந்து ஓஸ் பைப்புப் போட்டுச் சிங்கத்துக்குக் குடுத்துருவோமுங்க. வெளிய தெரியாது.”

“குடுக்கலாமுங்க தலைவரே. கடை?”

“விழா முடியட்டுமுங்க, பாத்துக்கலாம்.”

இந்தப் ‘பாத்துக்கலாம்’ வேலாயி நிறையப் பார்த்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, டிரம்மின் வால்வைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

விழாவில் கோயம்புத்தூர்ப் பெரிய அதிகாரியம்மா குழாயைத் திருகினார். சிங்கம் கொட்டாவி விட்டதோடு சரி. மறுபடி திருகினார். ஒரு குளவிதான் வந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்த்தார்.

கடைக்குள்ளிருந்து வேலாயியின் தலை நீண்டது. “ஏனுங்க தலைவரே, கடை இருக்குமா, போகுமா? மைக்குல சொல்லுங்க.”

ஜெகதீசனுக்கு மலைக்குளிரிலும் வியர்த்தது. மைக்கைப் பிடித்தார். “இந்தப் பாரம்பரியக் குழாயும், இதை ஒட்டிய பாரம்பரிய டீக்கடையும், இதே இடத்துல பாதுகாக்கப்படும்!”

தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரியம்மா கை தட்டினார். குழாய் ஓடினால் குடம் வைப்பது நம் ஊர் வழக்கமில்லையா? கை தட்டி முடிவதற்குள் மேல்தெரு மருதாம்பாள் மேடையைச் சுற்றிக் குடங்களை வரிசை போட்டுவிட்டாள். டிரம் காலி.

மறுநாள் காலையிலும் குடங்கள் வந்தன.

“நேத்து வந்த தண்ணி இன்னைக்கு எங்கீங்க போச்சு?” என்று மருதாம்பாள் தலைவரின் வீட்டு வாசலிலேயே கேட்டாள். “பேப்பர்ல சிங்கத்தோட நீங்களும் சிரிச்சுட்டு நிக்கறீங்களே!”

டிரம் தண்ணீர் என்று எப்படிச் சொல்வார்? லாரி அனுப்பி டிரம்மை நிரப்பினார். அன்றிலிருந்து தினமும் லாரி, தினமும் சிங்கம். வால்வு மட்டும் வேலாயி கையில்.

நேற்று ஜெகதீசன் டீ குடிக்க வந்து, குரலைத் தாழ்த்தினார். “அக்கா, லாரி ரிப்பேருங்க. கொஞ்சம் சிறுசா திறந்து விடுங்க.”

வேலாயி டீயை ஆற்றி நீட்டினாள். “சனம் புடிச்சு முடியட்டுமுங்க தலைவரே, பாத்துக்கலாம்.”