நிலை குறிக்காத பெயர்

‘பிழை. வரி 48: நிலை குறிக்கப்படவில்லை. புத்தகம் உருவாக்கப்படவில்லை.’

சுஜாந்தி ஏழாவது தடவையாகப் பொத்தானை அழுத்தினாள். கணினி ஏழாவது தடவையும் அதையேதான் சொன்னது.

பாரிஸில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு தொலைபேசிக் கடைக்கு மேலே, முதலாம் மாடியில் இருந்தது மகாலிங்கத்தின் அச்சகம். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுமலர் எல்லாம் அங்கே அடிப்பார்கள். சுஜாந்திக்குத் தட்டச்சு வேலை. இரண்டு வருடமாக ஊராரின் மரணங்களைத் தட்டச்சு செய்தவள், இன்று தன் மாமனார் பூபாலசிங்கத்தின் மலரில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. நாளை காலை கோப்பு அச்சுக்குப் போயாக வேண்டும்.

நாற்பத்தெட்டாம் வரியில் இருந்த பெயர் பிரதீஸ். பூபாலசிங்கத்தின் ஒரே மகன், சுஜாந்தியின் கணவன். 2009 மே மாதம், வன்னியில் சனமெல்லாம் கடலேரியைக் கடந்துகொண்டிருந்த நேரம், “தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், நில்லும்” என்று சொல்லித் திரும்பிப் போனவன். நாலு வருடமாகிவிட்டது. அவனைக் கண்டவர் ஒருவருமில்லை.

“என்ன பிள்ளை, உது இன்னும் சரிவரேல்லையோ?” என்றார் மகாலிங்கம்.

“நிலையைக் கேக்குது.”

மகாலிங்கம் திரையைப் பார்த்தார். பெயரை வாசித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து ஐங்கரனை அழைத்தார்.

ஐங்கரன், லிஃப்ட் செய்யும் நிறுவனமொன்றில் திருத்தக் கையேடுகள் எழுதுபவன். அங்கே ஓர் எச்சரிக்கையை ஒரேயொரு இடத்தில்தான் எழுதுவார்கள்; அது அச்சுப் புத்தகத்திலும், இணையத்திலும், திருத்துபவரின் கைப்பேசியிலும் தானாகப் போய் உட்காரும். விஷயம் ஒரு கோப்பில், அது எப்படித் தெரிய வேண்டும் என்பது இன்னொரு கோப்பில், எது கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதிகள் மூன்றாவது கோப்பில். அதே முறையைத்தான் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருட்களைக் கொண்டு அச்சகத்துக்கும் அமைத்துக் கொடுத்திருந்தான்.

“இலவசமெண்டா ஏதும் குறை இருக்குமெல்லோ தம்பி?” என்று மகாலிங்கம் அப்போது கேட்டார்.

“குறை இருந்தா நாங்களே திறந்து திருத்தலாம் அண்ணை. அதுதான் இதின்ரை விசேசம்.”

நிலை குறிக்காமல் புத்தகம் வரக்கூடாது என்ற விதிக்கு ஒரு காரணம் இருந்தது. நம்மவர் நினைவுமலரில் சொந்தம் முழுவதையும் வரிசையாகப் போடுவார்கள். இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வரும். ஒருமுறை, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த லூர்துசாமி என்ற பெரியவருக்கு அந்தச் சொல் விழுந்துவிட்டது. மறுநாளே அவர் அச்சகத்துக்கு வந்தார்.

“நான் செத்துப்போனன் எண்டா, உந்தப் படி ஏறி வந்தது ஆர்?”

மகாலிங்கம் அவரை இருத்தித் தேநீர் கொடுத்தார். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, “செத்தவனுக்குச் சீனி காணாது” என்றார்.

அதற்குப் பிறகுதான் ஐங்கரன் விதியை எழுதினான். ஒவ்வொரு பெயருக்கும் ‘இருக்கிறார்’ அல்லது ‘காலஞ்சென்றவர்’, இரண்டில் ஒன்று கட்டாயம். மூன்றாவது ஒன்று தேவைப்படும் என்று அவன் நினைக்கவில்லை.

மத்தியானம் ஐங்கரன் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, நடந்தே வந்தான்.

“வேலையிலை பத்ரோனிட்டைப் பல்லு டொக்டரோடை ரென்டவூ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். எங்கை பிழை?”

சுஜாந்தி வரியைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்துவிட்டுக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தான்.

“இது என்ரை பிழை சுஜாந்தி. இப்ப திருத்திறன்.”

விதிக் கோப்பைத் திறந்து, மூன்றாவது நிலையாகத் ‘தெரியாது’ என்று சேர்த்தான். ஒரு நிமிட வேலை. பிறகு விரல்கள் நின்றன.

“இந்த நிலைக்கு என்ன அச்சடிக்கிறது? பேருக்கு முன்னாலை என்ன போட?”

அவள் பதில் சொல்வதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாமியார் இராசமலர். நினைவுமலர் அச்சுக்குப் போகுமுன் வீட்டார் ஒருவர் வந்து பெயர்களைச் சரிபார்க்காவிட்டால், விடுபட்ட பெயர்க்காரர் ஆயுளுக்கும் முகம் கொடுக்கமாட்டார். இராசமலர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் விரலை வைத்து வாசித்தார். மகனின் பெயரில் விரல் நின்றது.

“காலஞ்சென்ற எண்டே போடு தம்பி.”

“மாமி!”

“போடட்டும் பிள்ளை.”

“உங்களுக்கு ஆர் சொன்னது? ஆர் கண்டது?”

“இருந்திருந்தா தேப்பன்ரை கொள்ளிக்கு எண்டாலும் ஒரு குரல் குடுத்திருப்பான்.” இராசமலர் கண்ணாடியைக் கழற்றினார். “மாமா கடைசியாச் சொன்னது தெரியுமே? ‘நான் முன்னுக்குப் போய்ப் பாக்கிறன், அங்கை நிக்கிறானோ எண்டு’. நாலு வருசமா அவனுக்கெண்டு ஒரு பிடி சோறு வைக்கேல்லை. ஒரு எள்ளுத்தண்ணி இறைக்கேல்லை. நான் ஒவ்வொரு நாளும் கோப்பையிலை கை வைக்கேக்கை, என்ரை பிள்ளை எங்கையோ பசியோடை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறான் எண்டு நினைக்கிறன்.”

“இருக்கிறவருக்கு எள்ளுத்தண்ணியோ? எங்கையாவது ஒரு அறையிலை இருந்து, வெளியிலை வந்து, இந்தப் புத்தகத்தைப் பாத்தாரெண்டா? என்ரை மனிசியே என்னைச் சாக்காட்டிப் போட்டாள் எண்டு நினைக்கமாட்டாரோ?”

 கீழே கடையில் யாரோ பிரெஞ்சில் கைப்பேசி உறைக்குப் பேரம் பேசும் சத்தம் மட்டும் கேட்டது.

“அவன் உன்ரை புருசன்,” என்றார் இராசமலர் கடைசியில். “நீ சொல்லு.”

சுஜாந்தி ஐங்கரனைப் பார்த்தாள். “ஒண்டும் போடாதேங்கோ அண்ணை. வெறும் பேர் மட்டும்.”

“அப்ப வாசிக்கிறவை, இருக்கிறார் எண்டுதான் நினைப்பினம்.”

“நினைக்கட்டும்.”

அவள் தானே ‘தெரியாது’ என்று நிலையை நிரப்பிப் பொத்தானை அழுத்தினாள். பிழை எதுவும் வரவில்லை. இருபத்தெட்டுப் பக்கங்களும் அழகாக வந்து விழுந்தன. இணைய அறிவித்தலும் அதே நொடியில் மாறியது.

ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்து மண்டபமொன்றில் கிரியை முடிந்தது. பந்தியும் நடந்தது. மகன் முறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தவன் ஒரு பெறாமகன். சாப்பிட்டு எழுந்தவர்களுக்குச் சுஜாந்தி வாசலில் நின்று மலர்களைக் கொடுத்தாள்.

கடைசிப் புத்தகமும் போன பிறகு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மலரைத் திறந்தபடியே ஓட்டமும் நடையுமாக அவளிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

“தங்கச்சி, நீர்தானே பிரதீஸின்ரை மனிசி?”

“ஓம்.”

“என்னைத் தெரியாது உமக்கு. தவரத்தினம். சுவிஸிலையிருந்து வந்தனான். புதுக்குடியிருப்பிலை அவனும் நானும் வாகனம் திருத்திற ஒரே கராச்சிலை வேலை. ஐயாவின்ரை அலுவலுக்கெண்டு வந்தால், இஞ்சை புத்தகத்திலை…” அவர் விரலால் அந்தப் பெயரைத் தட்டினார். “வெறும் பேர் கிடக்கு! கள்ளன், இருக்கிறானே! எங்கை நிக்கிறான்? நாட்டிலையோ? நம்பரைத் தாரும், இப்பவே எடுத்துப் பேசப்போறன்.”



“நீங்கள் அவரைக் கடைசியா எப்ப கண்டனீங்கள் அண்ணை?”

“அதை ஏன் கேக்கிறீர்!” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “நான் அவன் செத்துப்போனான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். கடலேரிக் கரையிலை, ஒரு பூவரசுக்குக் கீழை ஒருத்தன் கிடந்தான். முகம் பாக்கேலாது. வலது முழங்கையிலை தழும்பு. ரேடியேற்றர் வெடிச்சுப் பிரதீஸுக்கும் அந்த இடத்திலைதான் சுட்டது. அதைப் பாத்திட்டு, அவன்தான் எண்டு குழறிக்கொண்டு, பக்கத்திலை கிடந்த தறப்பாளை இழுத்து மூடிப்போட்டு ஓடி வந்தனான். உங்களைத் தேடிப் பிடிச்சுச் சொல்ல மனத்திலை துணிவு வரேல்லை. நாலு வருசம், தங்கச்சி! நாலு வருசமா அது என்ரை நெஞ்சிலை கிடந்தது. அது பாவம், வேறை ஆரோ.”

“வேறை ஆரோ,” என்றாள் சுஜாந்தி.

“ஓம். நான்தான் மடையன். கிடந்தவன் கட்டியிருந்த சாரத்தைப் பாத்தே யோசிச்சிருக்க வேணும். கிழிஞ்ச சாரம், ஓரத்திலை சிவப்பு நூலாலை தைச்சிருந்தது. நீலச் சாரத்துக்குச் சிவப்பு நூல்! பிரதீஸ் எப்படிப்பட்ட ஸ்ரைல்காரன்? உதைக் கட்டிக்கொண்டு வெளியிலை வருவானோ?”

அவர் மறுபடியும் சிரித்தார்.

பிரதீஸின் கிழிந்த சாரத்தைத் தைக்க, பதுங்குகுழிக்குள் வேறு நூல் இருக்கவில்லை. ஒரு சட்டையின் பூவேலையிலிருந்து அவள்தான் அந்தச் சிவப்பு நூலை உருவியெடுத்தாள். ‘இதைக் கட்டினா ஆக்கள் சிரிப்பினம்’ என்று அவன் சொன்னான். ‘ஆர் பாக்கப்போகினம்?’ என்று அவள் கேட்டாள்.



“அண்ணை, அது என்ன திகதி?”

“எது?”

“தறப்பாளாலை மூடின நாள்.”

தவரத்தினத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

“தங்கச்சி… நான்… வெறும் பேர் கிடந்ததாலை…”

“திகதியைச் சொல்லுங்கோ அண்ணை. ஐயர் கேப்பார்.”

“பதினாறு,” என்றார் அவர்.  “மே பதினாறு. விடியக் காலமை.”

கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஐங்கரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். கிட்ட வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“இணையத்திலை கிடக்கிறதை நான் மாத்தவோ?”

“வேண்டாம். நாளைக்கு நானே மாத்திறன்.”

ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். வாசலால் இறங்கி மெத்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் பைகளில் இருந்த இருநூறு புத்தகங்களில் மட்டும் மாறாது.

இராசமலர் மேடைப் பக்கம் நின்று, ஐயருக்கான அரிசியையும் காய்கறியையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஐயர் சால்வையை மடித்துப் புறப்படத் தயாராக இருந்தார்.

“மாமி,” என்றாள் சுஜாந்தி. “ஐயரைப் போக விடாதேங்கோ.”

“ஏன் பிள்ளை?”

சுஜாந்தி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். இராசமலர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், வாசலடியில் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்த அந்நியரைப் பார்த்தார்.

இராசமலர் பையிலிருந்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மற்றக் கையால் மருமகளைப் பிடித்தபடி, ஐயரிடம் நடந்தார்.